ஈப்போவில் கூழுக்கு ஒரு மாற்றாள்

கேழ்வரகைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரு தவறைத் தவறாமல் செய்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் கேழ்வரகையே போடுகிறார்கள். களி, தோசை, லட்டு, சில ஊர்களில் கேக் கூட உண்டு. நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தானிய வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். கேழ்வரகு, கம்பு, தினை, தவிடு நீக்காத அரிசி இவற்றின் மேல்தோலில் இருக்கும் சில பொருள்கள் புற்று செல்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் என் ஆய்வகத்தின் வேலை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். கேழ்வரகு பிடிக்காது. வாயில் வைத்தால் மழையில் நனைந்த மண்சுவர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்த இது, மலேசியாவின் பேராக் மாநிலத்துக்குப் போய் வந்ததில் இன்னும் சிலருக்குத் தெரிந்துவிட்டது.

ஈப்போவில் ஒரு கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ரயில் நிலையத்துக்குக் கல்லூரி வேனை அனுப்பினார்கள். ஈப்போ ரயில் நிலையம் வெள்ளை மாளிகை மாதிரி இருக்கிறது. ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வந்து போகின்றன என்பதால் அங்கே நின்று வேடிக்கை பார்க்கக்கூட நேரம் கிடைப்பதில்லை. வேன் ஓட்டியவர் பெயர் சந்திரன். ஐம்பது வயது இருக்கலாம். வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்த காப்பு. முதல் சிக்னல் வரை வெயிலைப் பற்றிப் பேசினார். சிக்னலில் வண்டி நின்றதும், கேழ்வரகு சாப்பிட்டால் கேன்சர் போய்விடுமா என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பதிலும் தயாராக இருக்கிறது. போகாது, நல்ல உணவு, அவ்வளவுதான் என்றேன். அடுத்த சிக்னலில் என் பக்கம் திரும்பினார்.

"இத எம் பொண்டாட்டிகிட்ட நீங்க சொல்லணும் சார். நான் சொன்னா ஏறல. நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பா."

பிறகு கதையைச் சொன்னார். மனைவி பெயர் தமயந்தி. ஈப்போவிலேயே புந்தோங் என்ற பகுதியில் வீட்டோடு தையல் வேலை. மார்பில் கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏற்ற வேண்டிய மருந்தில் இரண்டு தவணை ஏற்றியிருக்கிறார்கள். அப்போது ஆடி பிறந்தது. தமயந்தி சுங்காய் என்ற ஊர்ப் பக்கத்தில், தான் பிறந்த ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து கூழைத் தவிர எதுவும் தொடுவதில்லை. ஒரு மண்டலம் இப்படித்தான் என்கிறார். உடம்பு இளைத்து, ரத்தம் குறைந்து, இந்த உடம்பில் மருந்து ஏற்ற முடியாது, ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வா என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்படியே தள்ளிக்கொண்டு போனால் அறுவை செய்ததே வீணாகிவிடும் என்று டாக்டர் கோபமாகச் சொன்னாராம்.

"போன்ல கூழு வீடியோவா பாக்குறா சார். அதுலயே கொணமாயிரும்னு நம்பிட்டா. சூசாலா."

சூசா என்றால் மலாயில் கஷ்டம். இந்த ஊர்த் தமிழில் அது கொஞ்சம் பெருமூச்சும் சேர்ந்த கஷ்டம் என்று எனக்குப் பட்டது. சொல்கிறேன் என்றேன். சொல்வது சுலபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அன்று சாயங்காலம் முளைப்பயறும் கோழியும் விற்கிற ஒரு சீனக் கடையில் இறக்கிவிட்டார். ஈப்போவின் முளைப்பயறு குட்டையாகக் குண்டாக இருக்கும். சுண்ணாம்பு மலையிலிருந்து வரும் தண்ணீர்தான் காரணம் என்று கடைக்காரரே வந்து சொன்னார். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி எங்கள் ஊரில் நாங்கள் பேசுவதை வெளியூர்க்காரர்கள் எந்த முகத்தோடு கேட்பார்களோ, அந்த முகத்தோடு கேட்டுக்கொண்டேன். கோழி வெந்தும் வேகாததுமாக, வழுவழுவென்று இருந்தது. உடன் தந்த பட்டை நூடுல்ஸ் அதைவிட வழுவழுப்பு, தொண்டையைக் கேட்காமலே இறங்கியது. பிறகு வெள்ளைக் காப்பி. வறுக்கும்போதே மார்ஜரின் சேர்ப்பார்களாம். கும்பகோணம் டிகிரி காப்பிக்காரர்கள் இதைக் கேட்டால் வழக்குப் போடுவார்கள். நான் இரண்டு குடித்தேன். நான்கு நாள் இந்த ஊரில் எதை எதை எந்த வேளைக்குச் சாப்பிடுவது என்று படுக்கும்போது மனதுக்குள் ஒரு திட்டம் போட்டேன்.

சனிக்கிழமை பேச்சு. கல்லூரியில் உணவு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் மங்களேஸ்வரிதான் ஏற்பாடு. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அளந்து பேசுவார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வரவேற்புரையை முடித்தார். மாணவர்கள் ஒரு பாதி, புந்தோங்கிலிருந்தும் சுற்றுப்பக்கத்திலிருந்தும் வந்த பொதுமக்கள் ஒரு பாதி. கடைசி வரிசையில், தலையைச் சுற்றி ஊதா நிறத் துணி கட்டிய பெண் ஒருவர், மடியில் ஒரு பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சந்திரன் இருந்ததால் யாரென்று தெரிந்தது.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளும் ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அதைத் தடுக்கும் பொருள்கள் தானியத்தின் உள்மாவில் குறைவு, தோலில்தான் அதிகம். நாம் வெள்ளையாக இருக்கட்டும் என்று தீட்டிக் கழித்து மாட்டுக்குப் போடுவது அதைத்தான். ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று, தோலின் நாரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மாவு புளிக்கும்போது அதில் கொஞ்சம் விடுபடும். ஆய்வகத்தில் ஊதா நிறக் கரைசல் ஒன்றில் கேழ்வரகுத் தோலின் சாற்றை விட்டால் அது வெளிறி மஞ்சளாகும். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷம் வரும். தட்டில் வளர்க்கும் புற்று செல்கள்மேல் அதே சாற்றை விட்டால் பல செல்கள் வளர்வதை நிறுத்துகின்றன. அதைப் பார்த்தால் இன்னும் சந்தோஷம் வரும். இங்கேதான் எல்லோரும் எழுந்து கேழ்வரகு வாங்க ஓடுகிறார்கள்.

"கொஞ்சம் உட்காருங்கள்" என்றேன். "தட்டுக்கு வயிறு கிடையாது, கல்லீரல் கிடையாது, ரத்த ஓட்டம் கிடையாது. உப்பை அள்ளிக் கொட்டினாலும் தட்டில் இருக்கிற செல் செத்துப்போகும். நான் விடுகிற சாற்றின் அடர்த்திக்கு ரத்தத்தில் அந்தப் பொருள் சேர வேண்டுமானால் நீங்கள் மூட்டைக் கணக்கில் சாப்பிட வேண்டும். புற்று வந்தவர்களுக்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கேழ்வரகு சாப்பாடு, அதைச் சாப்பாடாகவே சாப்பிடுங்கள்." இதைச் சொல்லும்போது கடைசி வரிசையைப் பார்த்துத்தான் சொன்னேன். ஊதாத் துணிப் பெண் நன்றாகத் தலையாட்டினார். சந்திரனும் தலையாட்டினார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, சரி, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று கேட்டார். இன்னொருவர் தான் விற்கும் சத்துமாவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு படம் எடுத்துக்கொள்ள வந்தார். மங்களேஸ்வரி குறுக்கே வந்து, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று என்னைக் காப்பாற்றினார். சாப்பாட்டு மேசையில் கேழ்வரகுக் களி, கேழ்வரகு இடியாப்பம், கேழ்வரகுப் பாயசம். காப்பாற்றியது வீண்.

களியை இலையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது தமயந்தி எதிரே வந்து உட்கார்ந்தார். முகத்தில் எலும்பு தெரிந்தது. இடது மணிக்கட்டில் காப்பு தளர்ந்து முழங்கைப் பக்கம் இறங்கிக் கிடந்தது. பிளாஸ்க்கைத் திறந்து தனக்கு ஊற்றிக்கொண்டு, எனக்கும் அரை டம்ளர் ஊற்றினார். விருந்தாளி மறுக்கக் கூடாது. ஒரு வாய் குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு புரிந்ததா என்று கேட்டேன்.

"நல்லா வெளங்குச்சுண்ணே. தட்டுக்கு வயிறு இல்லன்னு சொன்னீங்கல்ல, அது ரொம்ப நல்லாருந்துச்சு. ஆனா நான் இத மருந்துன்னு நெனச்சுக் குடிக்கலண்ணே."

அப்படியானால் எதற்கு என்று கேட்டேன்.

"ஆப்ரேசனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப ஆத்தாகிட்ட சொன்னேன். நான் கண்ணு முழிச்சா, வார ஆடியில ஒரு மண்டலம் ஒனக்குக் கூழு வெரதம் இருக்கேன்னு. முழிச்சிட்டேன். அவ செய்றத செஞ்சிட்டா. நான் செய்ய வேணாமா?"

போனில் பார்த்த வீடியோக்கள் கூழ் கெட்டுப்போகாமல் வைப்பது எப்படி என்பதற்காம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவேன், திட்டுவார்கள், வாங்கிக்கொண்டு வருவேன் என்றார். சிகிச்சை முடிந்த பிறகு விரதம் இருக்கக் கூடாதா என்றேன். இந்த ஆடி என்று சொல்லிவிட்டேனே என்றார். தையற்காரர்கள் தேதி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இவரிடம் அந்தப் பழக்கம் இல்லை. களியை இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கலாம் என்றால், அவர் நம்பியது எதுவும் என் ஆராய்ச்சிக்கு எதிரானது இல்லை. வாங்கியதற்குப் பதில் செய்ய வேண்டும் என்கிறார், அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், வாருங்கள் என்று சந்திரன் கூப்பிட்டார். ஈப்போவில் நான் போட்டிருந்த சாப்பாட்டுத் திட்டத்தில் ஞாயிறு முக்கியமான நாள். ஆனாலும் போனேன்.

காலையில் வேனில் சந்திரன், தமயந்தி, சந்திரனின் தங்கை மேகலா, நான். பின்னால் மூடி போட்ட பெரிய வாளி ஒன்றில் முந்தின நாள் கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவு. சுங்காய் தாண்டித் தோட்டத்து மண்பாதையில் ஏறியதும் ஒரு குலுக்கலில் வாளியின் மூடி துப்பாக்கி மாதிரி வெடித்துத் திறந்தது. புளித்த மாவு பொங்கி வந்து என் காலணிக்குள் இறங்கியது. நொதித்தலின்போது வாயு உண்டாகும் என்று வகுப்பில் நடத்துகிறவன் நான்தான். சற்று தள்ளி, எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சேற்றில் அச்சுவரை இறங்கிப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. வேனை ஓரம் கட்டிவிட்டு, வாளியைக் கம்பில் மாட்டி நானும் சந்திரனும் தோளில் சுமந்துகொண்டு நடந்தோம். தமயந்தி எங்கள் பின்னால் வந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல மூச்சு வாங்கினார்.

ரப்பர் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. எங்கும் எண்ணெய்ப்பனை. வேலைக்காரர்கள் குடியிருந்த லயன் வீடுகளையும் இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும், அதன் பின்னால் நிழலுக்கு விட்ட சில பால்மரங்களோடு, அதாவது ரப்பர் மரங்களோடு, நிற்கிறது. வேறு பக்கத்து வழியாகக் கார்களில் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூட. ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. அத்தனை காலி இடம் இருக்க, கார்கள் ஒன்றையொன்று ஒட்டி இரண்டு நேர்வரிசையாக நின்றன. ஏன் என்று மேகலாவிடம் கேட்டேன். யார் வீடு எங்கே இருந்ததோ அங்கேதான் அவர்கள் காரை விடுவார்களாம். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அது சந்திரன் வீடு. எங்கள் வேன் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது.

கோயில் பூசாரி முனியாண்டி ஓய்வுபெற்ற லாரி டிரைவர். துடுப்பால் கூழைக் கிண்டிக்கொண்டே பேசினார். தமயந்தியைப் பார்த்ததும் துடுப்பு நின்றது. இப்படி இளைத்துக் கிடக்கிறாளே, இவளுக்கு மாத்தாள் யாரும் கிடைக்கவில்லையா என்று சந்திரனைக் கேட்டார்.

மாத்தாள் என்றால் என்ன என்று விசாரித்தேன். பால்மரத்தின் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிற காலத்தில் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது இத்தனை வரிசை மரம் இவருக்கு என்று உண்டு. ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளை பிறந்திருக்கிறது என்றால் காலைப் பெரட்டில், அதாவது பெயர் கூப்பிடும் இடத்தில், வேறொருவர் வந்து அவருக்காக நிற்பார். அவர் மாத்தாள், மாற்று ஆள். நிரை நிற்காது. விரதத்துக்கும் தோட்டத்தில் அதே முறைதான் வைத்திருந்தார்கள். காப்புக் கட்டியவருக்கு முடியாமல் போனால் மாத்தாளுக்குக் காப்பை மாற்றிக் கட்டுவார்கள், மிச்ச நாள் அவர் கணக்கு. துரைமார்கள் ஒத்துக்கொண்ட ஏற்பாட்டை ஆத்தாளும் ஒத்துக்கொண்டாள் என்றார் முனியாண்டி. இந்தியாவில் நான் இப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது ஏன் விட்டார்கள் என்று சந்திரனை ஓரமாக அழைத்துக் கேட்டேன். அவர் மனைவிக்காகத் தீச்சட்டி எடுப்பதாகத் தனியாகக் காப்புக் கட்டியிருக்கிறார். ஒரே ஆள் இரண்டு நிரை வெட்ட முடியாது. மேகலா தானே முன்வந்திருக்கிறார். தமயந்தி ஒப்பவில்லை. மேகலாவுக்குக் கூழ் என்றால் உயிர், மூன்று வேளையும் சந்தோஷமாகக் குடிப்பாள், அது விரதமா என்று கேட்டுவிட்டாராம். தோட்டத்தில் பிறந்தவர்களில் யாரைக் கூப்பிட்டாலும் இதே கதிதான். எல்லோருக்கும் கூழ் பிடிக்கும்.

கூழ் ஆறி, மோரும் வெங்காயமும் கலந்து, படையல் முடிந்து, ஊற்ற ஆரம்பித்தார்கள். கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் தொட்டுக்கொள்ள. என் கையில் ஒரு பெரிய குவளை வந்து சேர்ந்தது. தமயந்தி தன் குவளையோடு எனக்கு எதிரே கோயில் படியில் உட்கார்ந்தார். நான் குடித்தேன். அவர் மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். சிரித்தார்.

நான் எதையும் யோசித்துச் செய்கிறவன். கடையில் சட்டை எடுக்கவே அரை நாள் ஆகும். அன்று என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே குவளையைத் தூக்குவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். காப்பை எனக்கு மாற்றிக் கட்டுங்கள், மிச்சத்தை நான் இருக்கிறேன் என்றேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நேத்தே பாத்தேன். ஒங்களுக்குக் கூழு புடிக்கவே இல்லதானே?"

"பிடிக்காது."

"கொஞ்சங்கூட?"

"வாயில் வைக்கவே கஷ்டமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்."

"தெனமும் கேவுறு கேவுறுன்னு பேசிட்டு?"

ஊருக்குத்தான் உபதேசம் என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கவில்லை. சன்னதிப் பக்கம் திரும்பினார்.

"அப்ப சரிண்ணே" என்றார்.

முனியாண்டி எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டு, தமயந்தியின் இடது கையிலிருந்து காப்பை அவிழ்த்தார். அதிலிருந்த மஞ்சள் கிழங்கைப் புதுக் கயிற்றில் கோத்து என் வலது கையில் கட்டினார். எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். மாத்தாளிடம் அதையெல்லாம் கேட்பதில்லை, நிரையை வெட்டினால் போதும் என்றார் அவர். மேகலா பிள்ளைகளுக்கென்று கட்டிக்கொண்டு வந்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு அவித்த முட்டையை எடுத்துத் தோலுரித்துத் தமயந்தியின் கையில் வைத்தார். அவர் அதை நான்காகப் பிட்டு, கருவாட்டுக் குழம்பில் தொட்டு, மெதுவாகத் தின்றார். சந்திரன் எழுந்து, லாரியை இழுத்துவிட்டார்களா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பனைகளுக்குள் போனார். நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். லாரி என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை என்றார்.

திங்கட்கிழமை, ஈப்போவில் சாப்பிட முடியாதவனாக ஈப்போவைச் சுற்றிப் பார்த்தேன். யாருக்கும் இந்த நிலைமை வரக் கூடாது. மங்களேஸ்வரிக்கு என்னைச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. அவர் அட்டவணையை மாற்றுகிறவர் இல்லை. தம்பூனில் பம்ப்ளிமாஸ் பழங்களை வலைப்பையில் தொங்கவிட்டிருந்தார்கள். மணம் பார்த்தேன். புந்தோங்கில் வறுகடலையும் முறுக்கும் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தார்கள். சத்தம் கேட்டேன். உப்புக்கோழிக் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வரிசையின் நீளம் பார்த்தேன். மங்களேஸ்வரி ஒவ்வொன்றையும் சாப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று எனக்கு விளக்கமாகச் சொன்னார். அதை உதவி என்று நினைத்துத்தான் செய்தார்.

மத்தியானம் ஒரு முஸ்லிம் தமிழர் உணவகத்தில் உட்கார்ந்தோம். நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வீசும் சத்தத்துக்கு நடுவே நான் வெந்நீர் மட்டும் கேட்டு, பிளாஸ்க்கைத் திறந்தேன். கூழைக் காலையிலேயே தமயந்தி காய்ச்சிக் கொடுத்தனுப்பியிருந்தார். மாத்தாளுக்கு உளியும் வாளியும் நிரைக்காரர்தான் தர வேண்டுமாம், அதுதான் முறை. கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து பிளாஸ்க்கை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஈப்போவுக்கு வந்து என் கடையில உக்காந்து கேவுறு கூழு குடிக்கிறீங்க. ஒங்கள இங்க வைக்கக் கூடாதுலா. தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்."

தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மாதிரி. கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன். யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சின்ன வெங்காயம் உரித்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். இது எந்த மதத்து விரதத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. நான் வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். தமயந்தி இரண்டு நாளாக மீன், முட்டை, சோறு என்று சாப்பிட்டிருந்தார். இரண்டு நாளில் உடம்பு என்னவாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது. வந்த முடிவு போதாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் இந்தத் தடவை திட்டவில்லையாம். இதே மாதிரி இன்னும் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு வா, அப்போதும் ஏறவில்லை என்றால் வேறு யோசிக்க வேண்டும் என்றாராம். சந்திரனுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். தமயந்தி எங்கள் இருவரையும் பார்த்து, அடுத்த வாரந்தானே, போலாம் வாங்க என்று முன்னால் நடந்தார். கதவருகே திரும்பி நின்றார்.

"அண்ணே, ஊருக்குப் போயி விட்டுற மாட்டீங்கல்ல? நீங்க விட்டுட்டா நான் மறுபடி கட்டணும்."

விடமாட்டேன் என்றேன்.

விமானத்தில் கோழியா மீனா என்று கேட்டார்கள். இரண்டும் வேண்டாம் என்றதற்கு அந்தப் பெண் எனக்காக வருத்தப்பட்டார். கோயம்புத்தூரில் என் மனைவி காப்பைப் பார்த்தார், கதையைக் கேட்டார், சமையலறைக்குப் போய் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அடுத்த நாள் கடைக்குப் போய் நல்ல கேழ்வரகாகப் பார்த்து வாங்கிவந்தார். ஆய்வகத்தில் கையுறைக்குள் காப்பு உறுத்தியது. ஒரு பக்கம் கேழ்வரகுத் தோலின் சாற்றைத் தட்டில் விட்டுக்கொண்டு, மறுபக்கம் மேசையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து ஆராய்ச்சி மாணவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. ஏதோ புதுச் சோதனை என்று நினைத்திருக்கலாம். சுவை பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை. ஒவ்வொரு வேளையும் மண்சுவர்தான். பழகிவிட்டால் தமயந்தி ஒத்துக்கொள்ளமாட்டாரே என்று ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. மனைவி ஊற்றிவைத்த கூழ் மேசையில் அப்படியே இருந்தது. அன்று அதைத் தொடவே தோன்றவில்லை. ரத்தம் போதவில்லை என்றால் இதைக் குடித்து என்ன, குடிக்காவிட்டால் என்ன என்று ஒரு வெறுப்பு.

சாயங்காலம் சந்திரனிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு கை. புறங்கையில் ஊசி குத்தி, பிளாஸ்திரி ஒட்டி, மருந்துக் குழாய் மேலே போகிறது. மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. படத்துக்குக் கீழே தமயந்தியின் குரல், களைத்துப்போய், ஆனால் தெளிவாக இருந்தது.

"ஏத்திக்கிட்டு இருக்காங்கண்ணே. நீங்க இன்னிக்குக் குடிச்சிட்டீங்களா?"

கூழ் ஆடை கட்டியிருந்தது. எடுத்துக் கடைசிவரை குடித்துவிட்டு, குடித்தேன் என்று பதில் அனுப்பினேன்.